மலையில் ஆய்வு: எந்த எத்திக்ஸ் கமிட்டிக்கு மனு போடுவது?

நீலகிரியில் மனிதர்களிடம் பேசி ஆய்வு செய்யப் போகிற மாணவருக்கு நெறிமுறை ஒப்புதல் (பங்கேற்பவருக்குத் தீங்கு வராதா என்று பார்த்து எத்திக்ஸ் கமிட்டி தரும் அனுமதி) வாங்க நான்கு வழிகள் இருக்கின்றன. ஐந்தாவது வழி, வாங்காமலே போவது. எல்லாருக்கும் முதலில் தோன்றுவது அந்த ஐந்தாவதுதான். ஆகவே அதை முதலில் பேசி முடித்துவிடுகிறேன்.

"வெறும் கேள்வித்தாள்தானே மேடம். ஊசி இல்ல, ரத்தம் எடுக்கல." ஒவ்வொரு ஜூலையிலும் யாராவது ஒருவர் இதைச் சொல்வார். இந்த முறை சொன்னவள் என்னிடம் பிஎச்.டி. செய்யும் மாணவி. குன்னூர், கோத்தகிரிப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் இலை எடுக்கும் பெண்களின் தூக்கமும் மனச்சோர்வும் அவளுடைய தலைப்பு. கூடவே, ஒப்பீட்டுக்காக இரண்டு இருளர் ஊர்கள்.

அவள் கொண்டுவந்த கேள்வித்தாளில் பி.எச்.க்யூ-9 இருந்தது. மனச்சோர்வை அளக்க உலகம் முழுக்கப் பயன்படுத்துவது. ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. ஒன்பதாவது கேள்வியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். கடந்த இரண்டு வாரங்களில் செத்துப்போனால் தேவலை என்றோ, உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா? படித்தாள். "சரி, ஒரு அக்கா 'ஆமா, தினமும்'னு சொல்றாங்க. நீ அடுத்து என்ன பண்ணுவ?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மூணுன்னு போட்டுக்குவேன்" என்றாள்.

வெறும் கேள்வித்தாள் என்பது இதுதான். லயன் வீட்டு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) வாசலில் ஒரு பெண் தன் உயிரைப் பற்றிச் சொன்னதை எண்ணாகக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நகர்வது. ஊசி இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. தவிர, 2019இல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள் மருத்துவ, சுகாதார ஆய்வு என்று எதைச் சொல்கின்றன என்று பாருங்கள். உடல்நோய் மட்டுமல்ல, சமூக-நடத்தை சார்ந்த நிலைகளைப் பற்றிய ஆய்வும் அதற்குள் வருகிறது. மனச்சோர்வை அளந்துவிட்டு "நான் சமூகப்பணித் துறை" என்று ஒதுங்க முடியாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: தரவு சேகரித்த பிறகு முன்தேதியிட்டு எந்தக் கமிட்டியும் ஒப்புதல் தராது. தந்தால் அது கமிட்டியே அல்ல.

ஐந்தாவது வழி முடிந்தது. மற்ற நான்கைப் பார்ப்போம்.

நம் கல்லூரியின் சொந்தக் கமிட்டிதான் பக்கத்தில் இருப்பது. கட்டணம் இல்லை, படிவம் சின்னது, தெரிந்த முகங்கள். பெரும்பாலான கலை அறிவியல் கல்லூரி மாணவர்கள் இங்கேதான் போகிறார்கள். மனிதரை நேரடியாகச் சீண்டாத ஆய்வுகளுக்கு, உதாரணமாக ஊட்டி வரும் சுற்றுலாப் பயணிகள் எவ்வளவு பிளாஸ்டிக் கொண்டுவருகிறார்கள் என்று பெயர் கேட்காமல் கணக்கெடுப்பதற்கு, இது தாராளமாகப் போதும். ஆனால் கமிட்டி என்ற பெயர்ப்பலகை மட்டும் இருந்தால் ஆகாது. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 வழிகாட்டு நெறிமுறைகளின்படி உறுப்பினர்கள் ஏழு முதல் பதினைந்து பேர் வரை இருக்க வேண்டும். தலைவர் வெளியாள். மொத்தத்தில் பாதிப்பேராவது நிறுவனத்தைச் சேராதவர்கள். மருத்துவர், சட்டம் தெரிந்தவர், சமூக அறிவியலாளர், அப்புறம் துறை சாராத ஒரு பொதுஆள் வேண்டும். ஐந்து பேர் கூடினால்தான் கூட்டம். சுகாதாரம் தொட்ட ஆய்வைப் பார்ப்பதென்றால் கமிட்டி மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவும் செய்திருக்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேறொரு இடத்தில் வேலை பார்த்தபோது என் ஆய்வையே இப்படி ஒரு உள்ளூர்க் கமிட்டியிடம் கொடுத்தேன். தலைவர் முதல்வரேதான், உறுப்பினர்கள் எல்லாரும் துறைத் தலைவர்கள். நான்கு நாளில் கடிதம் கையில் வந்தது. ஒரு கேள்விகூட இல்லை. அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. கட்டுரையை ஒரு இதழுக்கு அனுப்பியபோது கமிட்டியின் பதிவு எண்ணையும் கூட்டக் குறிப்பையும் கேட்டார்கள். இரண்டும் இல்லை. ஒன்றரை வருட உழைப்பு அலமாரிக்குப் போனது. அதைவிட உறுத்தியது வேறு. பங்கேற்பவர்களுக்கான என் சம்மதப் படிவத்தில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. யாராவது ஒருவர் படித்திருந்தால்கூடக் கண்டுபிடித்திருப்பார். ஆகவே, கேள்வி கேட்காமல் கிடைக்கும் ஒப்புதலைக் கண்டால் இப்போது எனக்குப் பயம்தான்.

அடுத்தது மருத்துவக் கல்லூரிக் கமிட்டி. நீலகிரிக்கே 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. கீழே இறங்கினால் கோவையில் பல. மருத்துவக் கல்லூரிக் கமிட்டிகளில் பதிவு, கூட்டக் குறிப்பு, கோப்பு எண் எல்லாம் முறையாக இருக்கும். மேசையைச் சுற்றி ஒரு மனநல மருத்துவர் இருக்க வாய்ப்பு உண்டு. அந்த ஒன்பதாவது கேள்வியை முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார். என் மாணவியின் ஆய்வுக்கு அது பெரிய விஷயம்.

சிக்கல் படிவத்தில் ஆரம்பிக்கும். எல்லாம் மருந்துச் சோதனைக்காகச் செய்தது. எடுக்கப்போகும் ரத்தத்தின் அளவு, மருந்தின் பக்கவிளைவு, காப்பீடு. ஒரு மாணவரின் மனுவில் "பொருந்தாது" என்று பதினான்கு முறை எழுதினோம். கட்டணமும் உண்டு, வெளிநிறுவன ஆள் என்றால் கூடுதல். சில கமிட்டிகள் வெளியாரின் மனுவை எடுப்பதே இல்லை. நிறுவனங்களுக்கிடையே ஒப்பந்தம் கேட்பார்கள், அல்லது அங்கே ஒரு ஆசிரியரைக் கூட்டு ஆய்வாளராகச் சேர்க்கச் சொல்வார்கள். மருந்துச் சோதனைக்கு ஒரு விதி உண்டு: சோதனை நடக்கும் இடத்தில் கமிட்டி இல்லையென்றால் அதே நகரத்திலோ 50 கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ளோ உள்ள கமிட்டியை நாடலாம். நம்மைப் போன்றவர்களின் ஆய்வு மருந்துச் சோதனை அல்ல. ஆனாலும் யாராவது ஒருவர் அந்த 50 கிலோமீட்டரைப் பிடித்துக்கொண்டு மலைப்பாதையின் வளைவுகளை எல்லாம் கூட்டிக் கணக்குப் போடுவார். பொறுமையாக விளக்குங்கள்.

இதைவிடப் பெரிய குறை, மலையைத் தெரியாதவர்கள் மேசையில் இருப்பது. நோயாளியைத் தெரியும், தோட்டத்தைத் தெரியாது. "எஸ்டேட் மேனேஜரின் அனுமதிக் கடிதம் இணைக்கவும்" என்பார்கள். வாங்கிவிடலாம், கஷ்டமில்லை. மேனேஜர், வேலையை மேற்பார்க்கும் கங்காணியிடம் சொல்வார். கங்காணி மஸ்டரில் (ஆள் கணக்கெடுக்கும்போது) பெயர் கூப்பிட்டு, "நீ, நீ, நீ, இந்தப் பொண்ணு கேக்குறதுக்குப் பதில் சொல்லிட்டு வா" என்பார். அந்த மூன்று பேரும் வேண்டாம் என்று சொல்வார்களா? கையெழுத்துப் போட்ட படிவம் இருக்கும். சம்மதம் இருக்காது.

காசு விஷயமும் அப்படித்தான். பங்கேற்பவருக்குப் பணம் கொடுத்தால் அது ஆசை காட்டுவதாகிவிடும் என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் நாள் கூலிக்கான அளவுக்கு மேல் எடுக்கும் இலைக்குக் கிலோ கணக்கில் தனிக் காசு வாங்கும் பெண்ணிடம் முக்கால் மணி நேரம் பேசினால், அந்த முக்கால் மணி நேரத்தின் இலை யார் கணக்கில் சேரும்? சீசன் நேரத்தில், கொழுந்து குவியும் மாதங்களில், இது சின்னத் தொகை அல்ல. இழந்த கூலியை ஈடுகட்டுவது வேறு, ஆசை காட்டுவது வேறு. இதை மனுவில் நீங்களாகவே எழுதி, கணக்கோடு காட்ட வேண்டும். அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.

மூன்றாவது, மலையிலேயே ஆண்டுக்கணக்காக வேலை செய்யும் ஒரு அமைப்போடு சேர்ந்து போவது. கூடலூர்ப் பக்கம் பழங்குடியினருக்கான மருத்துவமனை இருக்கிறது, கோத்தகிரியில் காட்டையும் மக்களையும் சேர்த்துப் பார்க்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அமைப்புக்கே பதிவு பெற்ற கமிட்டி இருந்தால் அங்கேயே மனு போடலாம்; இல்லையென்றால் அவர்களைக் கூட்டாளியாக வைத்துக்கொண்டு வேறொரு கமிட்டிக்குப் போகலாம். பழங்குடியினர் ஆய்வில் இருந்தால் இதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை என்றே சொல்வேன்.

ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் மிகவும் பாதிக்கப்படக்கூடிய பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியிருப்பது ஆறு சமூகங்களை: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். ஆறு பேரும் நீலகிரியில் இருக்கிறார்கள். 2017 நெறிமுறைகள் இவர்களைப் பற்றிக் கறாராகப் பேசுகின்றன. பழங்குடியினரிடம் செய்யும் ஆய்வு சிகிச்சை, நோயறிதல், தடுப்பு என்ற வகையில் அவர்களுக்கே பயன்படுவதாக இருக்க வேண்டும். ஊருக்குள் போகும் முன் பழங்குடியினர் நலத் துறை அல்லது மாவட்ட ஆட்சியர் மட்டத்தில் அனுமதி வேண்டும். ஊர்ப் பெரியவரிடம் கேட்க வேண்டும். ஆனால் அவர் சரி என்றதோடு முடிவதில்லை, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அவர்கள் மொழி தெரிந்தவர் உடன் இருக்க வேண்டும், சாட்சி வேண்டும். இந்த ஆறு சமூகங்களில் குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்களைச் சேர்ப்பதைத் தவிர்க்கக் கூடுதல் கவனம் வேண்டும். ஊர் முதுமலை புலிகள் காப்பகத்துக்குள் என்றால் வனத்துறை அனுமதி தனி. அதற்கும் எத்திக்ஸ் கமிட்டிக்கும் சம்பந்தமில்லை, ஒன்று மற்றொன்றுக்கு ஈடும் ஆகாது.

மொழி என்றதும் தமிழில் படிவம் அச்சடித்துவிட்டால் போதும் என்று கீழே இருப்பவர்கள் நினைப்பார்கள். பணியர் பேசுவது மலையாளத்துக்கு நெருக்கமானது, காட்டுநாயக்கர் பேசுவது கன்னடத்துக்கு நெருக்கமானது, தோடர் பேசுவது இரண்டுக்கும் தொலைவானது. அன்றாடம் எழுதிப் படிக்கும் எழுத்து இந்த மொழிகளுக்கு இல்லை. ஆகவே சம்மதம் வாய்மொழியில்தான் நிஜமாக நடக்கும். ஒருமுறை கூடலூர்ப் பக்கம் ஒரு பாடியில் (பழங்குடிக் குடியிருப்பில்), நான் தகவல் தாளைத் தமிழில் வாசித்து முடித்து மை டப்பாவை நீட்டியபோது, ஒரு பாட்டி கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். பேச மறுக்கவில்லை. வெற்றிலை மென்றபடி அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் பேசினார். கட்டைவிரலை மட்டும் தரவில்லை. கூட வந்த பெண் பிறகு சொன்னாள்: அந்த வீட்டில் ஒரு கைநாட்டில்தான் நிலம் போனதாம். படிவம் எங்களைக் காப்பாற்றத்தான், அவரை அல்ல என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எழுத்துச் சம்மதத்துக்குப் பதிலாகச் சாட்சியோடு வாய்மொழிச் சம்மதம், அல்லது குரல்பதிவு என்று கமிட்டியிடம் முன்கூட்டியே விலக்கு கேட்கலாம். காரணம் எழுதினால் தருவார்கள். மலையில் இருக்கும் அமைப்பின் ஆட்களுக்கு இந்தக் காரணம் எழுத வரும். எனக்கே அன்றைக்கு வரவில்லை.

அடையாளத்தை மறைப்பதும் இங்கே வேறு கணக்கு. தோடர்கள் மொத்தமே சுமார் 2,000 பேர். கோத்தர்களின் ஊர்கள் ஏழுதான். "ஊட்டி அருகே ஒரு தோடர் மந்தில் (ஊரில்) 45 வயது ஆசிரியை" என்று பெயரை நீக்கிவிட்டு எழுதினால், மறைத்ததாக நினைப்பவர் ஆய்வாளர் ஒருவர்தான். மலையில் எல்லாருக்கும் யார் என்று தெரியும். 1901-02இல் தோடர்களிடம் வந்து தங்கி ஆய்வு செய்த ஆங்கிலேயர் ஒருவர், தன்னிடம் சடங்கு ரகசியங்களைச் சொன்னவர்களுக்குத் துன்பம் வந்ததையும், ரகசியத்தை வெளியே சொன்னதால் வந்த தெய்வக் குற்றம் அது என்று மக்கள் நம்பியதையும் தானே எழுதி வைத்திருக்கிறார். செத்தவர் பெயரைச் சொல்லத் தயங்கும் சமூகத்தின் வம்சாவளியைப் பெயர் பெயராக அச்சிட்டும் இருக்கிறார். அப்போது எத்திக்ஸ் கமிட்டி இல்லை, சரி. ஆனால் தரவு சேகரிப்பின் தீங்கு ரத்தத்தில் மட்டும் இல்லை என்பது இந்த மலைக்கு நூறு வருடம் முன்பே தெரியும்.

விடுதிப் பள்ளிக் குழந்தைகளை ஆய்வில் சேர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2009-10இல் அன்றைய ஆந்திராவின் (இன்றைய தெலங்கானா) கம்மம் மாவட்டத்தில் ஹெச்.பி.வி. (கருப்பைவாய்ப் புற்றுநோய்) தடுப்பூசித் திட்டத்தில் பழங்குடி விடுதிச் சிறுமிகள் பலருக்குப் பெற்றோர் அல்ல, வார்டன்களும் தலைமை ஆசிரியர்களும் சம்மதக் கையெழுத்துப் போட்டார்கள். 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது, 2013இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசியில் கோளாறு என்பதல்ல விஷயம். கையெழுத்து யாருடையது என்பது. நீலகிரியிலும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன, வார்டன் கையெழுத்து சுலபம். பெற்றோர் சம்மதம் வேண்டும். அதோடு ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வரை குழந்தையின் வாய்மொழி இசைவும், பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வரை எழுத்து இசைவும் வேண்டும்.

மூன்றாவது வழியில் குறை இல்லாமல் இல்லை. நேரம் எடுக்கும். அமைப்புக்கு அதன் சொந்த வேலை இருக்கிறது. உங்கள் ஆய்வுக்காக அவர்கள் காத்திருக்கவில்லை. "இதனால் எங்க ஊருக்கு என்ன?" என்று நேராகக் கேட்பார்கள். திருப்தி இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அதுதான் இதில் பிடித்ததும்.

நான்காவது, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் ஒப்புதல். கூட்டு ஆய்வுகளில் வரும். அங்கே பெரியவர்களிடம் செய்யும் கருத்தாய்வுகள் பல "விலக்கு" வகையில், அதாவது கமிட்டிப் பரிசீலனை தேவையில்லை என்று, போய்விடும். கடிதம் அழகாக இருக்கும். இந்தியாவில் நடக்கும் ஆய்வுக்கு இங்கே உள்ள கமிட்டியும் பார்த்தாக வேண்டும், அந்தக் கடிதம் ஈடாகாது. அவ்வளவுதான்.

கமிட்டியைத் தேர்ந்தெடுத்த பிறகு எந்த வகைப் பரிசீலனை கேட்பது என்று இன்னொரு முடிவு இருக்கிறது. விலக்கு, விரைவுப் பரிசீலனை, முழுக் கமிட்டி என்று மூன்று. விரைவில் ஓரிரு உறுப்பினர்கள் பார்த்துவிட்டு முடிவைக் கமிட்டிக்குத் தெரிவிப்பார்கள். எல்லா மாணவருக்கும் அதுதான் வேண்டும். என் அனுபவத்தில், பாதிக்கப்படக்கூடிய மக்கள் இருக்கும் ஆய்வை விரைவு வகையில் திணிப்பவர்களுக்குத்தான் அதிக நாள் ஆகிறது. ஆறு வாரம் கழித்து "இது முழுக் கமிட்டிக்கு உரியது" என்று திரும்பி வரும், அதற்குள் அந்தக் கூட்டம் முடிந்திருக்கும், அடுத்தது இன்னும் இரண்டு மூன்று மாதம். வகையைத் தீர்மானிப்பது கேள்வித்தாள் எவ்வளவு சாது என்பதல்ல, எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்பது. தோட்டத் தொழிலாளியும் இதில் வருவார். வேலை கொடுப்பவரின் வீட்டில் குடியிருந்துகொண்டு அவர் அனுப்பிய ஆளிடம் "முடியாது" என்று சொல்வது சுலபமல்ல.

என் மாணவி கடைசியில் என்ன செய்தாள் என்று சொல்லிவிடுகிறேன். முதலில் இரண்டு இருளர் ஊர்களையும் ஆய்விலிருந்து எடுத்தோம். ஒப்பீட்டுக்காக என்பதைத் தவிர அவர்களைச் சேர்க்க அவளிடம் காரணம் இல்லை. ஒப்பிடுவதற்காக மட்டும் ஒரு ஊரிடம் போய் மனவேதனையைக் கேட்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். அவளுக்கு ஒரு வாரம் என்மேல் வருத்தம். அந்த ஊர்கள் போனதும் மனு பாதியாகச் சுருங்கியது. மீதி ஆய்வை நம் கல்லூரிக் கமிட்டிக்குக் கொண்டுபோகாமல் மருத்துவக் கல்லூரிக் கமிட்டிக்குக் கொடுத்தோம், முழுப் பரிசீலனை என்று நாங்களே எழுதி. ஒன்பதாவது கேள்விக்காக. தோட்டம் தெரிந்த ஆள் மேசையில் இருக்க மாட்டார் என்பதால், பெண்களை எப்படி அணுகுவது என்பதற்கு இரண்டு பக்கம் தனியாக எழுதினோம்: கங்காணி வழியாக அல்ல, ஞாயிற்றுக்கிழமை லயன் வீடுகளில், யார் சம்மதித்தார், யார் மறுத்தார் என்று நிர்வாகத்துக்குப் போகாது, ஒன்பதாவது கேள்விக்கு 1 வந்தாலே பேட்டி அங்கேயே நிற்கும், அன்றைக்கே மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் தகவல், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண் கையில். டவர் கிடைக்காத லயன்களுக்கு எந்தத் திருப்பத்தில் நின்றால் போன் போகும் என்றுகூட எழுதினாள்.

பதினொரு கேள்விகளோடு திரும்பி வந்தது. முதல் கேள்வி: ஞாயிறு என்றால் கணவர் வீட்டில் இருப்பார், பெண் எப்படி மனம் விட்டுப் பேசுவாள்? எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றாத கேள்வி. பதிலாக, தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தின் பின்னறை என்று மாற்றி எழுதினோம், ஒப்புதல் வந்தது. போன வாரம் போய்ப் பார்த்தால் பின்னறையில் உரமூட்டை. இப்போது கோயில் மண்டபம் என்கிறாள். இடம் மாறினால் அதற்கும் திருத்த மனு போட வேண்டும். போட்டிருக்கிறாள். கமிட்டி அடுத்த மாதம் கூடுகிறது. அதுவரை அவளைத் தோட்டத்துப் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.